பொக்கற்றுக்குள் இருந்த சக்களத்தி

என் ஆசை இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்தேழு வருடமாக உங்களை நான் கூப்பிட்ட பெயர் இதுதான். உங்கள் சொந்தப் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இனிப் பழகவும் போவதில்லை. இந்த நினைவுப் புத்தகத்தின் அட்டையில் உங்கள் முழுப்பெயரும் படமும் போட்டிருக்கிறார்கள். வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. பின்வளவு முருங்கை முறிந்து விழுந்துவிட்டது, நல்லவேளை மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் மோட்டர் நீங்கள் போன அடுத்த வாரமே நின்றுவிட்டது. திருத்த வந்தவர், "அண்ணை இருந்திருந்தால் இதுக்கு எத்தினையாம் நம்பர் வயர் எண்டு பொக்கற்றுக்குள்ளை இருந்து எடுத்துச் சொல்லியிருப்பார்" என்று பெருமூச்சு விட்டார். நான் தேத்தண்ணீரும் கையுமாக நின்றேன். அந்த மனுசன் நினைத்து ஏங்கியது உங்களையா, உங்கள் பொக்கற்றில் கிடந்த புத்தகத்தையா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் அச்சடித்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். அப்படி வந்தவை எங்கள் அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. தேவாரம், குடும்ப வரலாறு, நன்றி நவிலல். உங்களுக்கும் அப்படித்தான் அடிப்போம் என்று நான் நினைத்திருந்தேன். உங்கள் மகள் வதனி வேறு முடிவெடுத்துவிட்டாள்.

"அம்மா, தேவாரப் புத்தகம் எல்லாற்றை வீட்டிலையும் கிடக்கு. அப்பாவின்ரை பொக்கற் புத்தகத்தையே தமிழிலை அடிச்சுக் குடுப்பம். ஆக்களுக்குப் பிரயோசனமாய் இருக்கும்."

என் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருந்த காலம் முழுக்க உங்கள் நெஞ்சில் படுத்துக் கிடந்தவள், இப்போது முந்நூறு பிரதியாகப் பிறந்து ஊர் ஊராகப் போகப்போகிறாள்.

அவள் என்றுதான் எழுதுவேன். உங்களுக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். நீங்கள் அவளை எனக்கு இரண்டு வருடம் முந்தியே கைப்பிடித்தவர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய புத்தகக் குவியலுக்குள் கிடந்து எடுத்ததாகச் சொன்னீர்கள். ஆக, மூத்தவள் அவள். நான் இரண்டாம்தாரம்.

கலியாணத்தன்று நடந்ததை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். பட்டு வேட்டிக்குப் பொக்கற் இல்லை என்பதால் அவளை உங்கள் தோழனிடம் கொடுத்து வைத்திருந்தீர்கள். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருக்கிறீர்கள். எதிரே இருந்த இரண்டு பெரியவர்கள், ஒரு அந்தருக்கு எத்தனை கிலோ என்று வாதாடுகிறார்கள். நீங்கள் கையைக் கழுவிவிட்டுத் தோழனைக் கூப்பிட்டு அவளை வாங்கினீர்கள். ஒரு புரட்டில் எடுத்துச் சொன்னீர்கள். அவர்கள் இரண்டு பேரும் "அடடா" என்றார்கள். உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அது மணவறையில் என்னைப் பார்த்தபோது வரவில்லை.

அவள் அழகிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கடும் சிவப்புத் துணி அட்டை. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள். ஆங்கிலத்தில் எறும்பெழுத்து. அவளுக்குள் இல்லாதது எது? இருபதாம் வாய்பாடு வரைக்கும் இருந்தது. நாடுகளின் கொடி நிறத்தோடு இருந்தது. ஒரு கலன் தீந்தை பூசினால் எத்தனை சதுர அடிச் சுவருக்குக் காணும், எரிகாயத்துக்கு முதலில் என்ன செய்வது, சந்திரன் எவ்வளவு தூரம், எந்த ஆணிக்கு எந்தத் துளை. சுன்னாகம் இரும்புக்கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற உங்களுக்குச் சந்திரன் எதற்கு? ஆனால் கடைக்கு ஆணி வாங்க வந்த ஆள் சந்திரனையும் தெரிந்துகொண்டு போனான், அடுத்த நாள் ஆணி தேவையில்லாமலும் வந்தான்.

அதுதான் அவளுடைய வசியம். பெரிய புத்தகம் என்றால் இருந்து படிக்கவேண்டும். அவள் அப்படியில்லை. கேட்ட உடனே ஒரு விடை. உலகம் முழுவதையும் மடித்துப் பொக்கற்றில் வைத்திருக்கிறேன் என்ற நினைப்பை அவள் உங்களுக்குத் தந்தாள். ஒரு மனுசிக்கு அப்படித் தர முடியுமா? என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், அதற்கு முன்னம் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவேண்டும், நான் எந்தக் கோலத்தில் இருக்கிறேன் என்று யோசிக்கவேண்டும். அவளை விரித்தால் போதும்.

இருநூறு வருடக் காலண்டர் ஒன்று அவளுக்குள் இருந்ததே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. பிறந்த திகதியைச் சொன்னால் கிழமையைச் சொல்லுவீர்கள். இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் பாயை விரித்துக் கிடந்த நாட்களில், சாதகக் குறிப்பைத் தொலைத்துவிட்டு வந்த சனம் எல்லாம் உங்களைச் சுற்றித்தான். "தம்பி, என்ரை மூத்தவளுக்கு என்ன கிழமை?" "அண்ணை, எனக்கு ஒருக்கால் பாருங்கோ." நான் வதனியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் பிறந்த கிழமையை உங்கள் வாயால் கேட்டாள். நான் கேட்கவில்லை. நீங்களாகவும் சொல்லவில்லை. நான் கேட்பேன் என்று காத்திருந்தீர்களா?

நான் ஏன் அவளைத் தொடுவதே இல்லை என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. கலியாணமாகி இரண்டாம் மாதம் ஒருநாள் மேசையில் கிடந்தாள். நான் சமையலுக்கு இடையில் வந்து எடுத்து விரித்தேன். நீங்கள் பாய்ந்து வந்து, "ஈரக்கையோடை தொடாதையும்" என்று பறித்தீர்கள். ஈரம் உண்மைதான். ஆனால் அந்தக் கையைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தந்திருக்கலாமே. அன்றைக்கு மனதுக்குள் சத்தியம் பண்ணினேன், இனி இவளைத் தொடமாட்டேன் என்று. முப்பத்தேழு வருடம் காப்பாற்றினேன். உடுப்புத் தோய்க்கும்போது கூட அவளை நீங்களே எடுத்துவிட்டுத்தான் சேட்டைத் தரவேண்டும். மறந்து விட்டிருந்தால், சேட்டைக் கொடியில் தொங்கவிட்டுவிட்டு உங்களைக் கூப்பிடுவேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் சேட்டையும் அவளையும் ஒரே பையில் போட்டுத் தந்தார்கள். உங்கள் கடைசி மூச்சு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் மருந்து எடுக்கப் போயிருந்தேன். அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இருந்தாள்.

செத்தவீட்டில் உங்கள் அக்கா, என்ரை பெரிய மச்சாள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னா: "தம்பியின்ரை பொக்கற் புத்தகத்தை அவனோடையே வைச்சு விடுங்கோ. அதில்லாமல் அவன் ஒரு இடமும் போகான்." நாலு பேர் தலையாட்டினார்கள். நான் மட்டும் விடவில்லை. "வேண்டாம்" என்று கத்தியே விட்டேன். மனுசிக்குப் புத்தகத்தில் அவ்வளவு ஆசை என்று சனம் கண்ணீர் விட்டது. உண்மை என்ன தெரியுமா? அவளை உங்களோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இஞ்சை இருந்த காலமெல்லாம் நெஞ்சோடு இருந்தது காணாதா? அங்கேயுமா நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போவது, நான் பின்னால் தனியாக வருவது?

ஆஸ்பத்திரியில் தந்த பையோடேயே சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வதனி மூன்று நாள் கெஞ்சினாள். கொடுத்தும் பிரயோசனமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அச்சில் இருந்ததை வதனியால் தமிழாக்கித் தட்ட முடிந்தது. ஓரங்களிலும் பின்பக்க வெற்றுத் தாள்களிலும் நீங்கள் பென்சிலால் கிறுக்கி வைத்ததை அவளால் வாசிக்க முடியவில்லை. உங்கள் கோழிக்கிறுக்கலை வாசிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

"அம்மா, நீங்கள் வாசியுங்கோ, நான் தட்டுறன்" என்று மடிக்கணினியை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். பக்கத்தில் மச்சாள். நான் கையைத் துடைத்தேன். இரண்டு தரம் துடைத்தேன். சத்தியத்தை முறித்து அவளை விரித்தேன்.

நீங்கள் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்! மின்சாரசபை ஆள் சொன்னது, மேசன் சொன்னது, மிருக வைத்தியர் சொன்னது. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் சொன்ன ஆளின் பெயர். அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் "சரி" என்று ஒரு சொல். யார் எதைச் சொன்னாலும் நீங்களாக ஒருதரம் செய்து பார்த்து, சரிவந்தால்தான் அந்தச் சிவப்பு. சீமெந்துக் கலவைக்கு மூன்று தரம் பார்த்து மூன்று சிவப்புப் போட்டிருக்கிறீர்கள்.

பிறகு சில குறிப்புகள் வந்தன. சோளகக் காற்று எந்த மாதம் எடுக்கும், எந்த மாதம் அடங்கும். கொண்டல் காற்று அடித்தால் எந்தப் பக்கம் முகில் கட்டும். ஒரு சுண்டு அரிசி வெந்தால் எத்தனை பேருக்குக் காணும். ஒடியலுக்குப் பனங்கிழங்கு எத்தனை வெயில் காயவேண்டும். மீனுக்கு எவ்வளவு உப்பு. இதெல்லாம் யார் சொன்னது? நான் சொன்னது. சோறு போடும்போது, உடுப்பு மடிக்கும்போது, பாதித் தூக்கத்தில் நான் சொன்னது. தொண்டைமானாற்றில் ஒரு கடலோடியின் மகளாகப் பிறந்து வளர்ந்ததால் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்குப் பக்கத்திலும் என் பெயர் இல்லை. சிவப்புச் "சரி"யும் இல்லை.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஊரிலை உள்ளவன் எல்லாற்றை பேரும் கிடக்கு. என்ரை பேர் இல்லை. சரிபார்க்கவும் பெறுமதி இல்லாத சொல்லாக்கும் என்ரை சொல்" என்றேன். எவ்வளவு காலத்துக் கோபம் அது, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடைத்திராது.

வதனி தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா, அப்பா நாலு கூட்டல் நாலையும் எழுதிப் பாக்கிற ஆள். உங்கடையிலை ஒண்டையும் அவர் செய்து பாக்கேல்லை. அப்பிடியே எடுத்து எழுதியிருக்கிறார்" என்றாள்.

நான் திரும்ப விரித்து அடுத்த பக்கத்தை வாசித்தேன். அது அச்சில் உள்ள அளவைகளின் பக்கம், அதிலும் உங்கள் கையெழுத்து இருந்தது. அங்கேதான் நான் அகப்பட்டேன்.

இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியில் இருந்து மற்ற விரல்நுனி வரைக்கும் உள்ள நீளத்தைத்தான் பாகம் என்கிறோம். கடலில் ஆழமும் கயிறும் பாகத்தில்தான். எங்கள் கிணறுகளுக்கும் கயிறு கேட்கிறவர்கள் பாகத்தில் கேட்பார்கள். அளவுகோலில் அது ஆறடி. தொண்டைமானாற்றில் பிறந்த பிள்ளைக்கு அது அம்மா என்ற சொல்லோடு சேர்ந்து தெரியும்.

உங்களுக்கு நினைவிருக்கும். வதனி வயிற்றில் இருந்த நேரம், உங்கள் அக்கா வீட்டுக் கிணற்றை இறைத்து ஆழமாக்கினார்கள். எல்லாரும் கிணற்றடியில். எட்டுப் பாகம் கயிறு வேண்டும், எத்தனை அடி என்று கேள்வி வந்தது. நீங்கள் உடனே பொக்கற்றில் கைவைத்தீர்கள். கடலோடியின் மகள் பக்கத்தில் மாங்காய் நறுக்கிக்கொண்டு இருக்கிறேன். என்னைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டார் என் ஊர்ப்பெயரைச் சொல்லுமுன் கடற்கரைச் சனம் என்ற இளக்காரத்தோடு ஒருகணம் நிறுத்திச் சொல்கிற காலம் அது. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில், அந்த ஒரு விஷயத்தில், அவர்கள் முன்னால் நீங்கள் அவளிடம் போய்க் கேட்டீர்கள்.

"புத்தகத்திலை ஆறடி எண்டு கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "என்னப்பா, சரியோ? நீர் சொல்லும்."

அவளுக்குப் பிறகு நான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவள் பொய் என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

"இல்லை. ஏழடி" என்றேன்.

மச்சாள் சிரித்தா. "வெள்ளைக்காரன்ரை புத்தகம் பிழையாமோ? இவ சொல்லுறதுதான் சரியாமோ?"

நான் விடவில்லை. "என்ரை ஐயா கையை விரிச்சால் ஏழடி. கடலிலை அதுதான் கணக்கு." ஐயா உயரமான மனுசன்தான். அதற்காக ஏழடி இல்லை.

நீங்கள் உங்கள் கையை விரித்துப் பார்த்தீர்கள். உங்கள் கை குட்டை. விரித்தால் ஐந்தடியைத் தாண்டி ஒரு சாண்கூட வராது. அப்புறம் மச்சாளைப் பார்த்துச் சொன்னீர்கள்: "புத்தகம் எழுதினவன் கடலைக் கண்டவனோ தெரியாது. இவ கடலோடியின்ரை மகள்." பேனையை எடுத்து அவளுக்குள் என்னவோ எழுதினீர்கள். ஓரத்தில் இன்னொரு குறிப்பாக எழுதியிருப்பீர்கள், பிறகு யாரிடமாவது கேட்டு அழித்துவிடுவீர்கள் என்று நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை.

இப்போது அந்தப் பக்கம் என் கையில். அச்சில் இருந்த ஆறின் மேல் பேனையால் ஒரு கோடு. பென்சில் இல்லை, பேனை. பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஏழு. அந்தப் புத்தகம் முழுவதிலும் அச்சில் இருந்த ஒரு எழுத்தை நீங்கள் வெட்டியது அந்த ஒரே இடத்தில்தான்.

வதனி போனில் தட்டிப் பார்த்தாள். "ஆறடிதான் அம்மா. அப்பா பிழையாய் மாத்தியிருக்கிறார். நான் சத்தமில்லாமல் திருத்திவிடுறன்" என்றாள்.

மச்சாளுக்கு அந்தக் கிணற்றடி நினைவே இல்லை. "பாவம் தம்பி" என்று தலையை ஆட்டினா. "வயசு போக அவனுக்கும் தடுமாற்றம் வந்திட்டுதுபோலை. இல்லாட்டி உப்பிடிப் பிழை விடுவானே?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. உங்களுக்குத் தடுமாற்றமா? மூன்று தரம் பார்த்து மூன்று சிவப்புப் போடுகிற உங்களுக்கா? "அது என்ரை பொய்" என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். மச்சாளின் முகத்தைப் பார்த்தேன், அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வதனி திருத்திவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும். நீங்கள் ஒரு பிழை விட்டவராக, நான் ஒன்றும் விடாதவளாக. இரண்டு நாள் அந்த நினைப்போடு நித்திரையில்லாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் தொண்டைமானாற்றில் இருந்து சின்னராசா வந்தான். என் ஊர்ப் பொடியன் என்று நான் சொன்னாலும் அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. தொழிலுக்குப் போயிருந்ததால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டான். வலைக்கயிறு எல்லாம் உங்கள் கையால்தான் வாங்கினவனாம். அந்தப் பேச்சில் நான் கேட்டேன், கயிறு எப்படி அளந்து தருவார் என்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சின்னராசா சிரித்தான். "அதையேன் கேக்கிறியள் அக்கா. பத்துப் பாகம் கேட்டால் எழுபதடி. காசு அடிக்கணக்கிலைதான், அதிலை பிழையில்லை. ஆனால் கயிறு எப்பவும் மிஞ்சும். நான் முதல் தரமே சொன்னனான், 'அண்ணை, பாகம் ஆறடி. நீங்கள் ஏழு அளக்கிறியள்' எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"'தெரியும் தம்பி' எண்டார். 'தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை?' எண்டு கேட்டன். 'உந்தக் கணக்கைத் திருத்திறது லேசு. பிறகு வீட்டிலை ஆளைச் சமாதானப்படுத்த ஏலாது. ஆள் சரியான கோவக்காரி' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார்."

அவன் அதை ஒரு பகிடியாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன்.

எப்போதிருந்து தெரியும் உங்களுக்கு? அடுத்த நாளேயா? கிணற்றடியில் பேனையை எடுத்தபோதே தெரியுமா? தெரிந்துகொண்டா மச்சாளுக்கு முன்னால் அந்தக் கோட்டைப் போட்டீர்கள்? ஒவ்வொரு தரமும் கயிறு அளக்கும்போது என்னை நினைத்தீர்களா, என்னைப் பார்த்து மனதுக்குள் சிரித்தீர்களா? ஒருநாள், ஒரு நாளாவது, "என்னப்பா, உம்மடை ஏழடி" என்று என்னைச் சீண்டியிருக்கலாமே. நான் அவளோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டியிருக்கத் தேவையில்லை. அந்தப் போட்டியில் நான் எப்போதோ வென்றுவிட்டேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் நீங்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அன்று பின்னேரமே அச்சுவேலி அச்சகத்துக்குப் போன் எடுத்து, வேலையை நிறுத்தச் சொன்னேன். வதனி பயந்துபோய் ஓடிவந்தாள். முன்பக்கத்தில் ஒரு கடிதத்துக்கு எனக்கு இடம் வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். "உன்ரை கொப்பர் பிழை விடேல்லை எண்டு சொல்லவேணும்" என்றேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அம்மா, பெரிய மாமி வாசிப்பா. அவவின்ரை ஆக்கள் எல்லாரும் வாசிப்பினம். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு முன்னால் சொன்ன பொய்யை அவர்களுக்கு முன்னால்தானே எடுக்கவேண்டும்.

மச்சாள், நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பிக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் நீங்கள் சிரித்ததுதான் சரி, பொய் சொன்னவள் நான். இனி நீங்கள் என் ஊர்ப்பெயருக்கு முன்னால் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், எங்கள் ஊரில் பாகம் ஆறடிதான்.

இஞ்சாருங்கோ, அச்சில் ஆறு என்றே போகிறது. அவள் சொன்னதே சரியென்று முந்நூறு பேருக்குத் தெரியவரும். முந்நூறு வீட்டு ஆண்களின் பொக்கற்றில் அவள் போய் உட்காருவாள், முந்நூறு பெண்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். எனக்கு என்ன. என்னுடைய குறிப்புகளுக்குப் பக்கத்தில் "தவமணி சொன்னது" என்று போடட்டுமா என்று வதனி கேட்டாள். ஓம், போடு என்றேன். நான் ஒன்றும் பெருந்தன்மைக்காரி இல்லை. காற்றுக்கும் உப்புக்கும் ஒடியலுக்கும் பக்கத்தில் என் பெயர் வரும், நீங்கள் அங்கே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலப்புத்தகம் தனக்கு வேண்டும் என்று மச்சாள் கேட்டிருக்கிறா. வதனிக்கும் ஆசை. சொல்லிவிட்டேன், நான் உள்ளவரைக்கும் ஒருவருக்கும் இல்லை. ஆறை வெட்டி ஏழு போட்ட அந்தப் பக்கத்தை, இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கும் காட்டமாட்டேன். அந்தப் பக்கம் எனக்கு.

வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வேன். எரிச்சலில் ஒரு அடிகூடக் கூட்டமாட்டேன். எங்கள் கிணற்றுக்குக் கயிறு வாங்கும்போது மட்டும் நீங்கள் அளந்த மாதிரியே, பாகத்துக்கு ஏழடி கேட்டு வாங்குவேன். கடைக்காரன் என்னைத் திருத்தினால், எனக்கும் தெரியும் தம்பி என்பேன். மிஞ்சுகிற கயிற்றை வெட்டவும் மாட்டேன்.

உங்கள் கோவக்கார மனுசி,
தவமணி